பன்னிரண்டாவது படிகம்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான்.

மிக்ஸியைத் தொடவில்லை. மேடை அதிர்ந்தால் பாட்டில் அதிரும். பாட்டில் அதிர்ந்தால் படிகம் கெடும்.

மனைவி போட்ட சட்டம் அது. போட்டவள் இறந்து முப்பத்தெட்டு நாள். சட்டம் இருந்தது. இட்லிக்கு இன்றும் பொடிதான்.

மேடையின் மூலையில் பாட்டில். உள்ளே படிகாரக் கரைசல். நடுவில், தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கும் கல். வாயை மூடி, ஊசியால் துளையிட்ட தாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும்.

பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகளுக்குக் காட்டப் பழுதே இல்லாத படிகம் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பதினொன்று தோற்றன. ஒன்று பால் நிறமாகப் போனது. ஒன்று விரிசல் விட்டது. ஒன்றின் வயிற்றில் காற்றுக்குமிழி.

எதையும் எறியவில்லை. பழைய மிளகு டப்பாவில் போட்டு வைத்தாள்.

மாணிக்கத்தின் சிவப்பே கலப்படத்தால் வருவதுதான், சுத்தமாக இருந்தால் அது வெறும் வெள்ளைக் கல் என்பாள். அப்புறம் நீ ஏன் சுத்தமாக ஒன்று வேண்டும் என்று உயிரை விடுகிறாய் என்று கேட்டால், கரண்டியைக் காட்டுவாள்.

இது பன்னிரண்டாவது.

பத்து மணிக்கு பெனிட்டா வந்தாள். மனைவியோடு கல்லூரியில் வேலை பார்த்தவள். துறையில் கண்ணாடிப் பெட்டி தயார். இறந்தவள் பெயர் எழுதிய பலகையும் தயார். படிகம்தான் வர வேண்டும்.

தருகிறேன் என்று பதினாறாம் நாள் அவன்தான் சொன்னான். சொன்ன நிமிடத்திலிருந்து ஏன் சொன்னோம் என்றிருந்தது.

நரம்பை அறுத்தான். துணியில் ஒற்றினான். பெனிட்டாவின் உள்ளங்கையில் வைத்தான்.

பெனிட்டா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

“எவ்ளோ தெளிவு பாருங்கண்ணே.”

செல்போன் விளக்கைப் போட்டாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

“உள்ள என்னமோ கெடக்கே.”

மேல்பக்கத்திலிருந்து ஒரு நூல் அளவு உள்ளே. கறுப்பாக, வளைந்து, சின்னத் துணுக்கு.

அவன் வாங்கிப் பார்த்தான்.

கடுகுத் தோல்.

“பெட்டிக்கு இது ஆகாதுண்ணே. அக்காவே ஒத்துக்கிட மாட்டாங்க.”

“மாட்டா.”

முப்பத்தெட்டு நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

“பதிமூணாவது ஒண்ணு நான் வளத்துத் தாரேன்” என்றான்.

பெனிட்டா போன பிறகும் கல் கையில் இருந்தது. தோலுக்கு உள்ளே இருப்பது மனைவி பார்க்க வளர்ந்தது. வெளியே இருப்பது அவள் பார்க்காதது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா கேட்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லிவிட்டான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று காலை அவன் உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். படிகம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அவள் எடுத்த தாள், பாட்டில் பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு நேரமாகிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலிலிருந்து கத்தினாள். அவன் திரும்பாமல் ‘ம்’ என்றான். ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. இரண்டு தெரு தாண்டி ஒரு லாரி.

அவள் சொன்னது இதுதான்.

“கடுகு தெறிக்குது, பாட்டில மூடுங்க. ஒங்களுக்கு எத்தன மட்டம் சொல்ல!”