ஒற்றைத் தும்மல்

"பினாயில் வாடை வருதே, யாரு ஊத்தினது?"

ஈரத்துணியும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தாள் கங்கையம்மாள்.

"அது பக்கத்து வூட்டு வாடைம்மா. நான் உப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சின தண்ணிலதான் தொடச்சேன்" என்றாள் மகள் புஷ்பம்.

"அப்போ சன்னலைச் சாத்து. ஜல்லி லாரி வேற போய்கினே கீது."

அவள் தவிப்பு அவளுக்குத்தான் தெரியும். புஷ்பத்தைப் பெண் பார்க்க இதற்குமுன் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு தடவையும் தாம்பூலத் தட்டை நீட்டுகிற சமயம் பார்த்து ஒற்றைத் தும்மல் போட்டாள் பெண். சகுனம் சரியில்லை என்று காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

தூசியும் மருந்து நெடியும்தான் காரணம் என்று கங்கையம்மாள் முடிவு கட்டிவிட்டாள். பீரோவில் இருந்த அந்துருண்டைகளை வீசிவிட்டு வேப்பிலை வைத்தாள். துடைப்பத்தை யாரையும் தொட விடவில்லை. கணவர் சுப்பராயலுவை ஸ்டூலில் ஏற்றி ஃபேன் இறக்கையைத் துடைக்கச் சொன்னாள்.

"என் மூக்குப்பொடி டப்பா எங்க? வர வர சீக்கிரமா காலியாவுது" என்றார் அவர் மேலே நின்றபடியே.

"பொண்ணு கல்யாணத்தைவிடப் பொடி பெருசா? எறங்காதய்யா, அந்த மூலைல இன்னும் தூசி கீது."

சாயங்காலம் ஊரப்பாக்கத்திலிருந்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தயாளன் தலையே நிமிரவில்லை. கங்கையம்மாளின் கண்ணோ மகளின் மூக்கை விட்டு அகலவில்லை. தட்டை நீட்டும்போது வாசலில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. கங்கையம்மாள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

புஷ்பம் தும்மவில்லை. தட்டு கை மாறியது.

"வூடு இன்னா சுத்தமா கீது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"எல்லாம் உப்பும் எலுமிச்சையும்தான் சம்பந்தி. மருந்தே கிடையாது" என்று கங்கையம்மாள் பக்குவம் சொல்ல ஆரம்பித்தாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்த மாப்பிள்ளைக்குப் புஷ்பம் சொம்பை நீட்டினாள்.

"இன்னிக்குப் பொடி போடலியா?" தாம்பரம் ஸ்டேஷனில் தினமும் பேசும் அதே மெல்லிய குரலில் கேட்டான் தயாளன்.

"ஒனக்குமா போடுவேன்? அந்த ரெண்டு பேருக்கே அப்பா டப்பா காலி."