முயலின் மந்திர வாள்

பகடை உருட்டிப் பூதம் கொல்லும் கதை விளையாட்டை நரிதான் நடத்தியது. வீரர்கள் முயலும் ஆமையும்.

முயலின் நச்சரிப்பு தாங்காமல் நரி, 'மந்திர வாள்' என்று எழுதிய இலையொன்றைக் கொடுத்துத் தொலைத்தது. அதன்பின் எந்தப் பூதமும் ஒரே வெட்டில் காலி. நரி பூதத்துக்கு ஏழு தலை வைத்தது. ஏழையும் சீவிவிட்டு முயல் கொட்டாவி விட்டது. வெறும் தடியோடு வந்த ஆமைதான், பாவம், முயலின் முறை வருமுன்பே பூதத்திடம் சிக்கி ஆட்டத்துக்கு ஆட்டம் செத்தது.

ஒருநாள் இலையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. நரி இரக்கப்பட்டு ஒற்றைத்தலைப் பூதத்தை இறக்கியது. "ஆமையண்ணே, காப்பாத்து!" என்று முயல் அலறியது. ஆமை தடியால் போட்ட கடைசி அடியில் பூதம் சாய, இரண்டும் கட்டிப்பிடித்துக் குதித்தன.

மறுநாள் நரி புது இலை எழுதி நீட்டியது.

"ரொம்ப நன்றி மாமா" என்று வாங்கிய முயல், அதை வாயில் போட்டு மென்றுகொண்டே, "பூதம் எங்கே?" என்றது.