மாடி வீட்டு மீட்டர்

“சாப்பிட்டீங்களா மாமா?” என்ற கேள்வியின் விலை, மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு.

நாற்பது வருடம் பொத்தான் மொத்த வியாபாரம் செய்து, போன வருடம் கடையை மூடியவருக்கு அது கொள்ளை மலிவாகப் பட்டது. வாயைத் திறக்காமல் கட்டினார்.

இன்று எரிவாயு அலுவலகத்தில் குட்டு உடைந்துகொண்டிருந்தது.

எல்லாம் மீட்டர் மாற்ற வந்தவன் பார்த்த வேலை. மாடிப்படிக்கு அடியில் இரண்டு மீட்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கீழ் வீட்டு எண்ணை மாடிக்கும், மாடி வீட்டு எண்ணைக் கீழ் வீட்டுக்குமாக எழுதிக்கொண்டு போய்விட்டான். ஐந்து பேர் சாப்பிடும் மாடி வீட்டுக்கு நூற்று நாற்பது பில். ஒற்றை ஆளான பொத்தான்காரருக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பது.

புது மீட்டரின் கணக்கு தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடுமாம். மாதம் ஒருமுறை ரீடிங் எடுக்க வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பவரும் அதோடு நின்றுவிட்டார்.

முதல் பில் வந்ததும் பயந்துபோய் இறங்கி வந்தது மாடி வீட்டுப் பெண்தான். திருட்டு எரிவாயு என்று சொல்லி இணைப்பை வெட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு எதில் சமைப்பது?

பொத்தான்காரர் ஒரு வழி சொன்னார். அவள் மாடியில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியது. எந்த மீட்டர் ஓடுகிறது என்று அவர் கீழே நின்று பார்க்க வேண்டியது.

“எரியுது மாமா! ஓடுதா?”

“ஓடுது, ஓடுது!”

பிறகு அவள் இறங்கி வருவாள். சாப்பிட்டாரா என்று கேட்பாள். மூன்று பிள்ளைகளின் சேட்டை, லாரியோடு போன கணவன், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் ஒரு சுற்று வரும். பத்து நிமிடம். ஒரு நாள் கணக்கை நம்பி எவனாவது கடை நடத்துவானா, நாளைக்கும் பார்த்துவிடுவோம் என்று அவர் அனுப்பிவைப்பார்.

ஐம்பத்தெட்டு நாள் பார்த்தார்கள். மூன்றாவது பில்லும் வந்ததும் அவளே அவரை இங்கே இழுத்து வந்துவிட்டாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார்.

“உங்க நெஜ மீட்டர் அசையவே இல்லையே சார், அந்த நூத்தி நாப்பது வெறும் நிலைக்கட்டணம். வீடு பூட்டிக் கெடந்துச்சா?”

“இல்ல தம்பி. நான் இருந்தேன்.”

சோதனைக் கதையைக் கேட்டதும் கவுன்ட்டர்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐம்பத்தெட்டு நாளா? ஒரு நிமிஷம் அடுப்பை எரிச்சாலே தெரிஞ்சிருக்குமே!”

மாடி வீட்டுப் பெண் மெல்லத் திரும்பிப் பொத்தான்காரரைப் பார்த்தாள்.

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

வித்தியாசம் மூவாயிரத்து அறுநூறு. அதை அவள் பில்லில் ஒரேயடியாக ஏற்றி, அவர் பில்லில் கழித்துவிடலாம் என்றார் கவுன்ட்டர்க்காரர். “இதுக்காக நீங்க ரெண்டு பேரும் இனிமே பாத்துக்கவே வேணாம்.”

அவள் முகம் வெளுத்தது. பொத்தான்காரர் முகமும்தான்.

“பில்லுல ஏத்தாதீங்க தம்பி. எங்களுக்குள்ள தீத்துக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமா என் கையில குடுக்கட்டும்.”

“மாசம் அறுநூறு தர்றேன் மாமா,” என்றாள் அவள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“சரி, எழுநூறு.”

“எறங்கி வாம்மா.”

கவுன்ட்டர்க்காரர் தட்டுவதை நிறுத்தினார். பணம் வர வேண்டியவரே தவணையைக் குறைக்கச் சொல்லும் பேரத்தை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்!

“முந்நூறு?”

“இன்னும் எறங்கு.”

நூறில் முடித்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் போட்டு வைத்திருந்தார். முப்பத்தாறு மாதம். எழுபத்தொரு வயதில் அதற்கு மேல் கேட்டால் பேராசை.

அவள் சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“அம்பது,” என்றாள்.

நாற்பது வருட வியாபாரத்தில், அவர் நினைத்து வைத்த இடத்தையும் தாண்டி எதிராளி தானாக வந்தது அதுதான் முதல் தடவை. இருந்தாலும் தொழில் மரியாதை ஒன்று இருக்கிறதே. யோசிப்பதுபோல் மோவாயைச் சொறிந்துவிட்டு, மனமில்லாதவர் மாதிரி தலையசைத்தார்.

அவள் பர்ஸைத் திறந்து முதல் ஐம்பதை அங்கேயே நீட்டினாள்.

“இங்க வேணாம்மா. வீட்டுல வந்து குடு.”

கவுன்ட்டர்க்காரர் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள், சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டில் அவர் எழுதி முடித்துவிட்டார்.

வரவு: இதுவரை இல்லை.

பாக்கி: எழுபத்திரண்டு தடவை.