தலைமேல் இருந்த இரண்டு

"யார் அந்த ரெண்டை அழிச்சது?"

முன்வரிசையில் நின்ற ஒப்போங்கின் இரண்டு கைகளும் மாவில் முக்கியெடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தன.

"நான் இல்ல மேடம். இப்பத்தான் சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிட்டு வந்தேன்."

"அப்போ அதுவா எறங்கி நடந்து போயிடுச்சா?"

கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

பல்லுறுப்புக் கோவைக்கு வரைபடம் போடும் பாடம். நேற்று கணக்கு டீச்சர் செர்வா பலகையில் x(x − 3)² என்று எழுதி, பக்கத்திலேயே வளைகோட்டை வரைந்து, 'அழிக்காதே' என்று பெரிதாகக் குறிப்பும் போட்டுவிட்டுப் போயிருந்தாள். இன்று எல்லாம் அப்படியே இருக்க, அடைப்புக்குறியின் தலைமேல் இருந்த இரண்டை மட்டும் காணோம்.

"எஸி, அந்த ரெண்டு இருந்தா என்ன ஆகும்?"

"வளைகோடு மூணுகிட்ட வந்து, அச்சைத் தொட்டுட்டு, வந்த பக்கமே திரும்பிடும் மேடம். ரெண்டு இல்லேன்னா தாண்டி அந்தப் பக்கம் போயிடும்." எஸி வாசல் பக்கம் கை காட்டினாள். "டார்க்வா சார் நம்ம வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போவாரே, அந்த மாதிரி."

நேற்றும் இதையேதான் சொன்னாள். நேற்றும் வகுப்பு இப்படித்தான் மேசையைத் தட்டிச் சிரித்தது. அடுத்த கட்டடத்தில் டார்க்வா பாடம் நடத்தும் இயற்பியல் கூடம்வரை கேட்டிருக்கும்.

செர்வா சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வருடமாகத் தொட்டுத் திரும்பும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை குமாசி நகரத்து மரக்கடைக்காரரின் ஆட்கள் அவள் மாமா வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்க வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

"மேடம், வந்துட்டார்," என்றாள் எஸி.

டார்க்வா வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமைக்கென்று போட்ட பூப்போட்ட நீலச் சட்டை, அதன் கை நுனியில் வெள்ளைத் தூசி.

"ஒரு சாக்பீஸ் கிடைக்குமா மேடம்? காலையிலேருந்து எங்க பக்கம் ஒண்ணுகூட இல்ல."

ஒப்போங் ஓடிப்போய்க் கொடுத்தான். "போயிட்டு வாங்க சார்."

மறுபடியும் மேசைகள் அதிர்ந்தன.

"சிரிங்க," என்றாள் செர்வா. "அழிச்சவன் ஒத்துக்கலேன்னா நாளைக்கு மொத்த வகுப்பும் மைதானத்துல புல்லு வெட்டணும். வெட்டுக்கத்தியோட வந்துடுங்க."

"மேடம், நாளைக்கு மேட்ச் இருக்கு."

"பந்தை புல்லுக்குள்ள தேடுங்க."

டார்க்வாவின் ஷூ முனை வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. போகத் திரும்பியவர் நின்றார். ஒரு கால் உள்ளே வந்தது. பிறகு மற்றதும் வந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக. வகுப்பு சிரிக்க மறந்து எழுந்து நின்றது.

"பிள்ளைங்களை விட்டுடுங்க மேடம். அழிச்சது நான்."

"ஏன் சார்?"

"நாளைக்கே எங்க ஆளுங்க உங்க மாமா வீட்டுக் கதவைத் தட்டட்டுமா?"