நாற்பத்தொன்றாம் குடுவை

"இன்னிக்கும் அங்கதான் நிக்கிறா, பாருங்க ஸ்டீவன்!" என்றாள் நர்மதா சூப்பர்வைசரிடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த மருந்து ஆராய்ச்சிக்கூடத்தைத் துடைத்துப் பெருக்குபவள் ஷைனி. மாப் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செல் வளர்க்கும் பெட்டியின் வெளிக்கதவைத் திறந்து, உள்கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள்.

ஒரு மாதமாக இதே பழக்கம். போன வாரம் பூஞ்சை பிடித்து ஒரு குடுவைச் செல்கள் வீணானதிலிருந்து விஞ்ஞானி நர்மதாவுக்கு அவள்மேல்தான் சந்தேகம்.

"ஷைனி! இதைத் தொறக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"உள்கதவை நான் தொடல மேடம். கண்ணாடி வழியா சும்மா பாத்துக்கினு இருந்தேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "மேடம்... கொஞ்ச நாளா நாப்பத்தொண்ணு காணமே?"

நர்மதாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை குடுவைகளில் வீணானதன் எண் மட்டும் இவளுக்கு எப்படித் தெரியும்?

"உன்னாலதான் பூஞ்சை புடிச்சு அதைக் கொட்டினோம். தெரியாத மாதிரி கேக்குறியா?"

ஷைனியின் முகம் வெளுத்தது. "கொட்டிட்டீங்களா? மொத்தமுமா?"

"காண்ட்ராக்ட் ஆளுதானே மேடம்," என்றார் சூப்பர்வைசர் ஸ்டீவன். "நாளைலேர்ந்து வேற ஆளைப் போட்டுர்றேன். இன்னாம்மா நிக்கிற? போய்ப் பையை எடுத்துக்கினு வா."

பெட்டிக்குள் அடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டை வாராவாரம் மாற்றாவிட்டாலும் பூஞ்சை வரும். அந்த வாரம் அது நர்மதாவின் முறை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"போறேன் சார். மேடம், ஒரே ஒரு தபா காட்டுங்க. அது இன்னா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்கினு போயிர்றேன்."

உறுத்தலோ என்னவோ, நாற்பத்தொன்றிலிருந்து முன்பே கொஞ்சம் செல்களைப் பிரித்து வைத்திருந்த சின்னத் தட்டு ஒன்றை எடுத்து நர்மதா மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

ஷைனி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"மீன் செதிலு மாதிரி ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கினு... உசிரோடவா இருக்குது?"

"உசிரோடதான். ரத்தக்குழாயோட உள்சுவர் இது. பிரசவத்துல தூக்கிப் போடுற தொப்புள்கொடியிலேர்ந்து எடுக்கறது. மூணு வருஷம் உறைஞ்சு கெடந்துச்சு. போன மாசம்தான் எழுப்பினோம்."

"மூணு வருஷம் தூங்கி எந்திரிச்சுதா!"

சொல்லச் சொல்ல நர்மதாவின் குரலும் மாறியது.

"இதுக்கு வேணும்னே எரிச்சல் மூட்டினோம் ஷைனி. ரத்தக்குழாய் இப்படிக் கொதிச்சிட்டே இருந்தா மாரடைப்புல கொண்டு விடும். அப்புறம், ரத்தத்துல கொழுப்பைச் சுமந்துட்டுப் போற ஒரு புரதத்தை விட்டோம். வெறும் சுமைதூக்கின்னு நெனச்சிருந்த புரதம். அது வந்து பட்டதும் கொதிப்பு அடங்கிடுச்சு, குழந்தையைத் தட்டிக் குடுத்த மாதிரி. அதுலயும் நாப்பத்தொண்ணுதான் எல்லாத்துக்கும் முன்னாடி அடங்குச்சு."

"சாதுப் புள்ள மேடம்," என்றாள் ஷைனி, கண்ணை எடுக்காமல். "மூணு நாளும் அழவே இல்ல."

நர்மதா புரியாமல் பார்த்தாள்.

"ஐடி கார்டைக் குடும்மா, நேரமாவுது." ஸ்டீவன் கையை நீட்டினார்.

ஷைனி கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கார்டுக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த காகிதம் கீழே விழுந்தது. நர்மதா எடுத்துப் பிரித்தாள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த நகல். தொப்புள்கொடியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதம் என்று ஷைனியின் கையெழுத்து. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. மேலே இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர். மூலையில் எண் 41.

"புள்ள மூணு நாள்தான் மேடம் இருந்தான். சீட்டுல பேரு இருந்துச்சு. அதான் இங்கியே வந்து வேலை கேட்டேன்," என்றாள் ஷைனி.

நர்மதா காகிதத்தை மடித்து ஷைனியிடம் கொடுத்தாள்.

"ஸ்டீவன், கார்டைத் திருப்பிக் குடுங்க," என்றாள் நர்மதா. "தண்ணித் தட்டை மாத்தாம விட்டது நான்தான்." பிறகு ஷைனியின் பக்கத்தில் போய் நின்றாள். "மொத்தமும் போகல ஷைனி. நாப்பத்தொண்ணு இன்னும் அஞ்சு குப்பி உறைய வெச்சிருக்கோம். எப்ப வேணா எழுப்பலாம்."

ஷைனி கார்டை மாட்டிக்கொள்ளக்கூட மறந்து, மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"எங்க ஊட்ல எல்லாருமே காண்ட்ராக்ட்டுதான் மேடம். அவன் ஒருத்தன்தான் பர்மனென்ட்டு."