பெயர் போடாத பரிந்துரை

கொடைக்கானல் பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஹார்லன் துரைக்கு அன்று பிரிவுபசார விழா. அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்திருந்தது.

"குடுத்து வச்சவருண்ணே!" என்றான் புதிய உதவியாளன் சேனாதிபதி.

"ஏலே, எட்டு வருசமா பிள்ளைகளோட மல்லுக்கட்டுனது நானு. மாலை மட்டும் அவருக்கா?" மூத்த உதவியாளன் வேலப்பனுக்கு வயிறு எரிந்தது.

துரை ஒரு கடிதத்தை உயர்த்திக் காட்டி, பத்தாண்டுகளில் பழகிய தமிழில் பேசினார்.

"நான் விண்ணப்பிச்ச கல்லூரிக்கு யாரோ பேர் போடாம இந்தக் கடிதத்தை எழுதியிருக்காங்க. பனியிலயும் ஏரியைச் சுத்தி ஓட விடுறேனாம், பணக்காரப் பையனையும் தரை துடைக்க வைக்கிறேனாம். 'இப்படிக் கண்டிப்பான ஆள்தான் வேணும்'னு எடுத்துக்கிட்டாங்க. எழுதினவரை உதவியாளரா அமெரிக்கா கூட்டிட்டுப் போறேன். யாருங்க அது?"

வேலப்பன் துள்ளி எழுந்தான். "நான்தானுங்க!"

அரங்கம் சிரித்தது. துரையும் சிரித்தார். "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா, வேலப்பன்? மை இழுவியிருக்கிறதைப் பாருங்க, இது இடக்கையால எழுதினதுங்க."

எல்லோரும் பள்ளியின் ஒரே இடக்கைக்காரனான சேனாதிபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு அடக்கமாகத் தலைகுனிந்து மேடையேறினான்.

துரையின் வேலையைக் கெடுக்க வேண்டுமென்று, எழுத்து அடையாளம் தெரியாதபடி பேனாவை இடக்கைக்கு மாற்றி அந்த மொட்டைக் கடிதத்தை எழுதிய வேலப்பன், இப்போது இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டிருந்தான்.