முந்திக்கொண்டவள்

கம்ப்யூட்டர் திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே நெட்டைக்கு வயிறு பற்றி எரிந்தது.

குட்டை!

கல்லூரி விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அப்போது ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் கரு வளர்ச்சி ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால் பரிசு, பதவி, பேப்பரில் போட்டோ எல்லாம் குட்டைக்கு மட்டும்தான்.

"என்னங்க, கேட்டீங்களா? குட்டை எழுதின கட்டுரை. சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்ல ஆராய்ச்சிப் பத்திரிகையிலேர்ந்து எனக்கே அனுப்பியிருக்காங்க. நான் சரின்னாத்தான் போடுவாங்க."

"நல்லதுதானே, பார்த்துச் சொல்லிடு" என்றார் கணவர், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

"என்னத்த நல்லது? எலிக்கருவுல மூணாவது நாள் ஒரு மரபணு வேலையை நிறுத்தி அடங்கிடணும். அடங்கலேன்னா கரு கருப்பையில ஒட்டாது. நாலு வருஷமா நான் மண்டையை உடைச்சுக்கிறதும் இதேதான். முந்திக்கிட்டா!"

"பார்க்கிறது நீதான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எழுதினவங்களுக்கு அதைச் சொல்ல மாட்டாங்க."

கணவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கட்டுரையை மூன்று தடவை படித்தாள். மருந்துக்குக்கூட ஒரு தப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அப்படியே கிடப்பில் போட்டாள். பத்திரிகையிலிருந்து நினைவூட்டல் வரும்போதெல்லாம், 'இன்னும் ஒரு வாரம்' என்று ஒரு வரி பதில்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் தன் சோதனைகளை முடித்தாள். கட்டுரையாக எழுதி வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அதிசயமாகப் பத்தே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வகமே கைதட்டியது.

இனியாவது குட்டையின் கட்டுரைக்குச் சரி சொல்லி அனுப்பிவிடலாம். மனசு வரவில்லை. காயட்டுமே இன்னும் கொஞ்ச நாள்!

அடுத்த மாதம் ஒரு மாநாடு. டீ வாங்கிக்கொண்டு திரும்பியவளின் முதுகில் பொத்தென்று ஒரு குத்து விழுந்தது.

"ஏய் நெட்டை! கலக்கிட்டேடி! என்னமா எழுதியிருக்கே!"

குட்டைதான்.

"தே... தேங்க்ஸ். எப்போ படிச்சே?"

"எல்லாருக்கும் முன்னாடியே. சரிபார்க்க எங்கிட்டதானே வந்துச்சு!"

நெட்டை டீயைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"நானும் அதையேதான் கண்டுபிடிச்சு எழுதி அனுப்பியிருந்தேன். உன் பேரைப் பார்த்ததும் பொறாமையில அன்னைக்குப் பூரா சோறே இறங்கல, தெரியுமா? அப்புறம் யோசிச்சேன். நல்லா செஞ்ச வேலையை நிறுத்தி வைக்க நான் யாரு? மறுநாளே சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."



"உன் கட்டுரை... என்ன ஆச்சு?" என்றாள் நெட்டை, ஒன்றும் தெரியாதவள் போல.

"நாலு மாசமா யார் கையிலயோ மாட்டிக்கிட்டுக் கெடக்கு. 'வேற ஆளுக்கு மாத்திடட்டுமா?'ன்னு பத்திரிகையில கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"பாவம்டி... அவங்களுக்கு என்ன கஷ்டமோ!"